சைக்கிளுக்குப் பூக் கேட்ட நாள்

போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து நீ கொண்டுவந்த தாள் இன்னும் டிவிக்கு அடியில்தான் இருக்கிறது, பாப்பா. பத்தாயிரம் சைக்கிள் திரட்டப் போகிறார்களாம். வீட்டில் சும்மா நிற்கிற சைக்கிளைக் கொடுத்தால், பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற பிள்ளைகளுக்குச் சரிசெய்து கொடுப்பார்களாம். "இவங்களை நம்பலாமாப்பா?" என்று கேட்டாய். படத்தில் இருக்கிற மாமா சிரிக்கிறார், அதனால் நம்பலாம் என்று உன் தம்பி தீர்ப்பே சொல்லிவிட்டான். நான்தான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்ததில் எனக்கு நினைவு வந்தது ஒரே ஒரு சம்பவம்தான். அதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். லேத்தில் அளவு பார்த்துப் பழகிய கை இது. பிழை இருந்தால் நீயே திருத்திக்கொண்டு படி. தம்பிக்கும் படித்துக் காட்டு.

அப்போது எனக்குப் பதினோரு வயது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அப்பா எண்ணெய் மில்லில் மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போனார். அம்மா தேங்காய்க் களத்துக்குப் போனாள். களம் என்றால் சிமெண்டு போட்ட பெரிய மைதானம் மாதிரி இருக்கும். தேங்காயை உடைத்து அதில்தான் கொப்பரைக்குக் காயப்போடுவார்கள். எங்கள் ஊரிலிருந்து களம் நான்கு கிலோமீட்டர். காலையில் ஒரே ஒரு பஸ். அதை விட்டால் நடைதான், போய்ச் சேருவதற்குள் அரை நாள் கூலி போய்விடும். வாரத்தில் இரண்டு நாளாவது அம்மா அந்தப் பஸ்ஸை விடுவாள். அதற்குக் காரணம் பெரும்பாலும் நான்தான். என் டவுசர் காணாமல் போகும், அல்லது நோட்டு காணாமல் போகும்.

அக்கா பிளஸ் ஒன் படித்தபோது அரசாங்கம் கொடுத்த சைக்கிள் ஒன்று வீட்டில் இருந்தது. அக்கா கோயமுத்தூரில் பீளமேட்டுக் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனபிறகு அது சுவரோரமாக நின்றது. ஒரு நாள் காலையில் அம்மா அந்தச் சைக்கிளை எடுத்து, பின்னால் சாப்பாட்டுத் தூக்கைக் கட்டி, தள்ளிக்கொண்டே களத்துக்குப் போனாள். சாயங்காலம் அதே மாதிரி தள்ளிக்கொண்டே திரும்பி வந்தாள். மறுநாளும் அப்படியே.

டீக்கடைக்காரர் சும்மா இருப்பாரா. "ஏனுங்க்கா, சைக்கிளை எங்கீங்க கூட்டிட்டுப் போறீங்க? மாட்டாஸ்பத்திரிக்குங்களா?" என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டேதான் போனாள்.

விஷயம் என்னவென்றால், வேலை முடிந்து கொப்பரையை மூட்டை கட்டியதும் களத்தில் ஒரு பக்கம் காலியாகும். அந்த வழவழப்பான சிமெண்டுத் தரையில் அம்மா சைக்கிள் பழகினாள். கூட வேலை செய்கிற பெண்கள் இரண்டு பேர் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். இருபது நாளில் நேராக ஓட்ட வந்துவிட்டது. திருப்பத்தான் வரவில்லை. களத்தின் கடைசி வரைக்கும் போவாள், இறங்குவாள், சைக்கிளைத் தூக்கித் திருப்பி வைப்பாள், மறுபடி ஏறி வருவாள். நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். முழங்காலில் மஞ்சள் பூசியிருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பையன்கள், "உங்கம்மா லைசென்சு எடுத்தாச்சாடா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சைக்கிள் எங்காவது தொலைந்து போனால் தேவலை என்று நான் தினமும் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வேன் வந்தது.

ஆடி மாதம். காற்றில் மைக் சத்தம் ஒரு பக்கம் கேட்டது, ஒரு பக்கம் கேட்கவில்லை. வேனின் இரண்டு பக்கமும் பெரிய பேனர். அதில் ஐயாயிரம் சைக்கிள் என்று எழுதியிருந்தது. கோயமுத்தூரிலிருந்து ஏதோ ஒரு சங்கம். கண்ணாடி போட்ட ஓர் இளைஞர் இறங்கி வந்து, மலையில் இருக்கிற பிள்ளைகள் எவ்வளவு தூரம் நடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று சொன்னார். சும்மா நிற்கிற சைக்கிளைக் கொடுங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றார்.

எங்கள் ஊர்க்காரர்கள் ஏமாளிகள் இல்லை. அவரை உட்கார வைத்து மோர் கொடுத்து விசாரித்தார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள். பவானி என்றார். பவானியில் எங்கே, யாருடைய வீடு, அப்பா என்ன செய்கிறார், கட்டிக்கொடுத்த அக்கா தங்கை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவர் அப்பா ஜமக்காளத் தறி வைத்திருந்தவர் என்று தெரிந்தது. ஊரில் ஒருவருடைய சம்பந்தி வீடு அதே வீதி என்றும் தெரிந்தது. அதோடு விசாரணை முடிந்தது. நல்ல குடும்பத்துப் பையன், மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தான், பொய் சொல்ல மாட்டான் என்று எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். மாடு வாங்கும்போதுகூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அம்மா மட்டும் வேறு ஒன்று கேட்டாள்.

"ஏனுங்க தம்பி, எங்க சைக்கிள் எந்தக் கொழந்தைக்குப் போச்சுன்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அவர், முதலில் வண்டி எல்லாம் வந்து சேரட்டும், பிறகு பட்டியல் போடுவோம் என்றார். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இடையில் புகுந்தார்.

"அக்கா, சைக்கிளைத்தான் குடுக்கறோம். பொண்ணு குடுக்கற மாதிரி கேக்கறே."

"போற எடம் தெரியோணுமல்லோ" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கேள்வி சிரிப்போடு போய்விட்டது.

மாமா வேன் டிரைவர். ஊரில் எது நடந்தாலும் முன்னால் நிற்பவர். இந்த ஊரிலிருந்து பத்துச் சைக்கிள் என் பொறுப்பு என்று அந்த இளைஞரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். ஆறு நாளில் வீடு வீடாகப் போய் ஒன்பது சேர்த்துவிட்டார். பத்தாவது எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வந்து அப்பாவிடம் பேசினார். படிக்கிற பிள்ளைகளுக்குப் போகிறது, புண்ணியம் என்றார். தன் அக்கா விழுந்து முட்டியை உடைத்துக்கொள்வதற்கு இது எவ்வளவோ மேல் என்றும் சொன்னார். அதை அவர் உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"நீ என்ன சொல்றே?"

"நான் என்னத்தைங்க சொல்றது. உங்க இஷ்டமுங்க" என்றாள் அம்மா. பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "இன்னொரு பத்து நாள் இருந்தா திருப்பவும் பழகிக்குவேனுங்க" என்றாள்.

அப்பா கெட்டவர் இல்லை. அவருக்கு அந்தப் பக்கமும் மனசு போனது, இந்தப் பக்கமும் போனது. அப்படி ஆகும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரே வழிதான். பூக் கேட்பது. தண்ணீருக்குப் போர் போடலாமா, அக்காவைக் கோயமுத்தூருக்குப் படிக்க அனுப்பலாமா, எல்லாவற்றுக்கும் கருப்பராயன் கோயிலில் பூக் கேட்டுத்தான் செய்தோம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். விவரம் தெரியாத ஒரு பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம்.

எங்கள் வீட்டில் விவரம் தெரியாத பிள்ளை நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்கு முன்னால் வேன் நின்றது. ஒன்பது சைக்கிளும் வரிசையாக நின்றன. பத்தாவதை அம்மா தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். என்னைப் பூப் பறித்துவரச் சொன்னார்கள். நந்தியாவட்டையும் செவ்வரளியும் ஒரு கைப்பிடி பறித்துவந்து மாமாவிடம் கொடுத்தேன். அவர் கோயில் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து பழைய பேப்பரைக் கிழித்துப் பொட்டலம் மடித்தார். முதல் பொட்டலத்தில் அவர் நந்தியாவட்டையை வைத்ததை நான் பார்த்துவிட்டேன். அந்தக் காகிதத்தின் மூலையில் ஒரு சோப்பு விளம்பரம், நீலக் கலரில். அடுத்த பொட்டலத்தை மடிக்கும்போது அவர் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பார்க்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை. ஒன்று வெள்ளை என்றால் மற்றது சிவப்புத்தானே.

பூசாரி இரண்டு பொட்டலத்தையும் படியில் வைத்துத் தீபம் காட்டினார். அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டார். அம்மாவும் கண்ணை மூடியிருந்தாள், உதடு மட்டும் அசைந்தது. வெள்ளை வேண்டுமென்று கேட்டாளா, சிவப்பு வேண்டுமென்று கேட்டாளா என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான் நேராகக் கையை நீட்டி நீல மூலை தெரிந்த பொட்டலத்தை எடுத்தேன்.

வெள்ளை.

மாமா கையைத் தட்டினார். அப்பாவுக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி முகம். பூசாரி உள்ளே போய்விட்டார். எல்லோரும் சைக்கிள்களை ஏற்றுவதற்கு வேன் பக்கம் நகர்ந்தார்கள். கோயிலில் குப்பை போட்டுவிட்டு வரக் கூடாது என்பது அம்மாவின் பழக்கம். படியில் கிடந்த பூவையும் காகிதத்தையும் குனிந்து எடுத்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

எங்கள் சைக்கிள் கடைசியாக ஏறியது. அதற்கு முன் அம்மா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். செயினுக்கு எண்ணெய் விட்டாள், தேங்காய் எண்ணெய். எங்கள் பக்கத்தில் தலைக்கும் அதுதான், வாணலிக்கும் அதுதான், கதவுக் கீலுக்கும் அதுதான். கேரியரில் சாப்பாட்டுத் தூக்கு கட்டுகிற ஆரஞ்சுக் கலர்ச் சரடு, அவிழ்க்க மறந்து அப்படியே போய்விட்டது.

நான் நினைத்தபடி நடந்துவிட்டது. ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சாமியை ஏமாற்றியவனைக் கருப்பராயன் குதிரையில் வந்து தேடுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவருக்கு எங்கள் வீடு நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் கிடாய் வெட்ட அழைக்கிறோமே.

ஐப்பசியில் ஒரு நாள் அக்காவைப் பார்க்க அப்பாவும் நானும் கோயமுத்தூர் போனோம். நல்ல மழை. பீளமேட்டில் பஸ் மெதுவாகப் போகும்போது, மூடிக்கிடந்த ஒரு பழைய மில்லின் காம்பவுண்டில் அதே பேனர் தெரிந்தது. வெயிலில் வெளுத்திருந்தது. அப்பா உடனே இறங்கிவிட்டார். நம் வண்டி எந்தப் பிள்ளைக்குப் போனது என்று கேட்டுக்கொண்டு போய் அம்மாவிடம் சொல்லலாம் என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தோம். நான் அவ்வளவு சைக்கிளை ஒரே இடத்தில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கொட்டகை நிறைந்து, இடம் போதாமல் வெளியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. மழை அவற்றின்மேல் பெய்துகொண்டிருந்தது. கொட்டகை வாசலில் அதே கண்ணாடிக்கார இளைஞர், கை முழுக்கக் கிரீஸ், ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு உதவிக்கு வயசான மெக்கானிக் ஒருவர். அவ்வளவுதான் ஆள்.

எங்களை அடையாளம் தெரிந்ததும் எழுந்து நின்றார். அப்பா எதுவும் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"கேட்டா இத்தனை வரும்னு நெனைக்கலீங்கண்ணா. வந்துட்டா என்ன பண்றதுன்னும் யோசிக்கலீங்க."

பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னார். சேர்க்கும்போது கூட வந்தவர்கள் எல்லாம் போட்டோ எடுத்ததும் போய்விட்டார்கள். டயர் டியூப் வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை. சரிசெய்த கொஞ்சம் வண்டியை மலைக்கு அனுப்பினார்கள். அங்கே ஏற்றத்தில் அந்தப் பிள்ளைகளால் தள்ளக்கூட முடியவில்லை என்று பாதி திரும்பி வந்துவிட்டது. மலைக்கு என்ன சைக்கிள் ஆகும் என்று மலைக்காரர்களிடம் யாரும் கேட்கவில்லை. பேனரில் எழுதிய எண் மட்டும் நிறைந்துவிட்டது.

பாப்பா, அவர் ஒரு சைக்கிளைக்கூட விற்கவில்லை. ஒரு பைசா எடுத்ததாகவும் தெரியவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அவரைச் சரியாகத்தான் கணித்தார்கள், நல்ல பையன்தான். ஆள் நல்லவனா என்று கேட்டோம், சாமிக்குச் சம்மதமா என்று கேட்டோம். யார் சரிசெய்வார்கள், எங்கே வைப்பார்கள், வாங்குகிற பிள்ளை ஓட்டுமா என்று கேட்கவில்லை. போகிற இடத்தைக் கேட்ட ஒருத்தியைப் பார்த்துச் சிரித்தோம்.

அந்த மெக்கானிக் பெரியவர் எங்களிடம் ஊரைக் கேட்டார். காங்கேயம் என்றதும் தலையில் கை வைத்தார். "உங்க ஊர் வண்டி அத்தனையும் செயினுக்குத் தேங்கா எண்ணெய் போட்டு அனுப்பிச்சிருக்கீங்களே சாமி. கோந்து மாதிரி புடிச்சிருக்குது. மோந்து பாத்தே இது காங்கேயம்னு ஒதுக்கிருவேன்." அவர் ஒதுக்கி வைத்த பக்கத்தில், வெளியில், மழையில், கேரியரில் ஆரஞ்சுச் சரடோடு எங்கள் சைக்கிள் கிடந்தது.

இளைஞரும் பார்த்தார். "எடுத்துட்டுப் போங்கண்ணா. நானே பஸ் மேல ஏத்தி விடறேனுங்க" என்றார்.

அப்பா அதன் சீட்டைத் தொட்டுப் பார்த்தார். எடுத்துக்கொள்ளப்பா என்று மனசுக்குள் சொன்னேன். ஆனால் அப்பா கையை எடுத்துவிட்டார்.

"வேண்டாமுங்க தம்பி. கருப்பராயன் குடுக்கச் சொல்லிக் குடுத்தது. திருப்பி வாங்கினா தப்பாப் போயிருமுங்க."

கருப்பராயன் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம்தான். அந்தச் சைக்கிள் பஸ்மேல் ஏறி அன்றைக்கே வீட்டுக்கு வந்திருக்கும். நான் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து அப்பா, எல்லாம் நல்லபடியாக நடக்கிறது, வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார். அவள் மனசு நோகக் கூடாது என்று சொன்னதுதான். அம்மா களத்திலிருந்து அப்போதுதான் நடந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா அந்தப் பக்கம் போனதும் என்னைக் கூப்பிட்டாள்.

"மழையில நனையுதா கண்ணு?"

"பாதி கொட்டாயிக்குள்ளம்மா. பாதி வெளியில."

"நம்மளது?"

"வெளியில."

அம்மா மறுபடி காலில் தண்ணீர் ஊற்றினாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. நீல மூலையைப் பார்த்தது, தெரிந்தே எடுத்தது எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அடி விழும் என்று நினைத்தேன். அம்மா எழுந்து உள்ளே போய், ரேஷன் கார்டு வைக்கிற தகரப் பெட்டியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துவந்தாள். நான் எடுக்காமல் விட்ட பொட்டலம். பிரித்துக் காட்டினாள். உள்ளே ஒரு பூ காய்ந்து பழுப்பாகியிருந்தது. ஆனாலும் இதழைப் பார்த்தால் தெரியும், அது நந்தியாவட்டை. அரளி இல்லை.

"இதும் வெள்ளைதான் கண்ணு. நீ எதை எடுத்திருந்தாலும் இதேதான் வந்திருக்கும். சாமி உன்ரமேல கோவிச்சுக்காது." பிறகு என் கண்ணைத் துடைத்துவிட்டு, "மாமங்கிட்டக் கேட்டுப்போடாதே. பாவம், பத்து வண்டின்னு வாக்குக் குடுத்துப்போட்டான்" என்றாள்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? மூன்று மாதமாகத் தலைமேல் இருந்த பாறை இறங்கிவிட்டது. தப்பு என்னுடையது இல்லை, மாமாவுடையது. கருப்பராயன் இனிக் குதிரையில் வந்தால் மாமா வீட்டுக்குப் போகட்டும். நான் அம்மாவிடம் வேறு ஒன்றும் கேட்காமல் விளையாட ஓடிவிட்டேன்.

ஓடும்போது எனக்குத் தோன்றாத ஒன்று இப்போது இதை எழுதும்போது தோன்றுகிறது. அந்தப் பொட்டலம் அம்மாவுக்கு அன்றைக்குக் காலையிலேயே கோயில் படியில் கிடைத்துவிட்டது. பிரித்துப் பார்த்துக்கொண்டு அவள் நின்றபோது சைக்கிள் இன்னும் வேனில் ஏறவில்லை. பத்து அடி தூரத்தில்தான் நின்றது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் ஊர் முன்னால் தன் தம்பியின் தலை குனிந்துவிடும். அதனால் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போய், அந்தச் சைக்கிளைத் துடைத்து, எண்ணெய் விட்டு அனுப்பியிருக்கிறாள். அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த நான்கு கிலோமீட்டரை நடந்திருக்கிறாள். நானோ பீளமேட்டில் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் பேசாமல்தான் இருந்தோம், ஆனால் அவள் இருந்ததும் நான் இருந்ததும் ஒன்று இல்லை.

இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை என்றால் அன்று கோயிலில் கருப்பராயனை யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மாவைக் கேட்டோம். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பதிலும் சொன்னாள். பத்து நாள்தான் கேட்டாள்.